சிங்கப்பூரில் காய்கறிக்கும் பழத்துக்கும் பருவம் உண்டா? எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வி இது: “இரண்டு வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறோம். ஊரில் உழவர் சந்தைக்குள் நுழைந்தாலே இது தை, இது சித்திரை என்று தெரிந்துவிடும். இங்கே பேரங்காடியில் ஜனவரியும் ஜூலையும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பருவத்துக் காய், பழம் என்று இங்கே ஏதாவது உண்டா? உழவர் சந்தை மாதிரி எங்கே போகலாம்? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?”

பருவம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் இந்த மண்ணில் விளைவதில்லை. மலேசியாவிலிருந்து உட்லண்ட்ஸ் பாலத்திலும் துவாஸ் பாலத்திலும் லாரியில் வருகிறது, கப்பலில் வருகிறது, தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்குகிறது. சிங்கப்பூரின் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. அதனால் இங்கே பருவத்தைத் தெரிந்துகொள்ள நாட்காட்டியைப் பார்த்தால் போதாது. கடைக்காரரிடம் “இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்க வேண்டும். மலாய்க்கார அம்மாவிடம் (மக்சிக்) மலாயில் “இனி டாரி மானா?” என்றால் போதும்; சீன அங்கிள், ஆண்ட்டிகளுக்கும் அது புரியும்.

ஓர் உதாரணம். பேரங்காடியில் ஆண்டு முழுக்க ஆரஞ்சு கிடைக்கிறது. பிப்ரவரியில் வாங்கினால் ஒட்டுத்தாளில் பெரும்பாலும் எகிப்து என்றிருக்கும். ஆகஸ்டில் அதே தட்டில் இருப்பது தென்னாப்பிரிக்காவோ ஆஸ்திரேலியாவோ. இரண்டும் அந்தந்த ஊர்ப் பருவத்தில் பறித்தவை, இரண்டும் நன்றாக இருக்கும். ஒரு நாட்டுப் பழம் முடிந்து அடுத்தது வரும் இடைவெளியில் வாங்குவதுதான் சப்பென்று இருக்கும், விலையும் கூடுதலாக இருக்கும். செர்ரிக்கும் இதே கணக்கு. மே முதல் ஜூலை வரை அமெரிக்கா, நவம்பர் கடைசி முதல் ஜனவரி வரை ஆஸ்திரேலியா. நடுவில் வருவதை விட்டுவிடலாம்.

இன்னொரு அடையாளம், எல்லாப் பழத்துக்கும் பொருந்துவது: விலை இறங்கும்போதே கடையில் குவியலும் உயர்ந்தால் பருவம் உச்சத்தில் இருக்கிறது. குவியல் சிறியதாக இருந்து விலை மட்டும் இறங்கியிருந்தால் அது பழைய சரக்கைத் தள்ளிவிடும் விலை.

எங்கே போவது என்பதற்கு முதல் பதில் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தை. 1915-இல் கண்டாங் கெர்பாவ் சந்தையாகத் தொடங்கியது. இப்போதைய கட்டடம் 1982-இல் வந்தது. கீழ்த்தளத்து ஈரச்சந்தையில் (காய், மீன், இறைச்சி விற்கும் சந்தையை இங்கே அப்படிச் சொல்வார்கள்) முருங்கை, கொத்தவரை, வாழைப்பூ, அகத்திக்கீரை எல்லாம் கிடைக்கும்; வெளியே பஃபலோ ரோட்டுக் கடைகளிலும் பாருங்கள். காலை 7 மணிக்குப் போனால் கீரை உடம்பில் ஈரத்தோடு நிமிர்ந்து நிற்கும். 11 மணிக்குப் போனால் விலை கொஞ்சம் குறையலாம், கீரை தலை சாய்ந்திருக்கும். மதியம் 1 மணிக்கு மேல் பல கடைகள் மூடிவிடும். திங்கட்கிழமை போகாதீர்கள், இங்கே பெரும்பாலான ஈரச்சந்தைகளில் அன்று பாதிக் கடை விடுமுறை. சீனப் புத்தாண்டையொட்டிச் சில நாள் அடைப்பு. அது போக, துப்புரவுப் பணிக்காக ஒவ்வொரு சந்தையும் அவ்வப்போது மூடப்படும். அந்தத் தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் தன் இணையத்தளத்தில் முன்கூட்டியே போட்டுவிடுகிறது.

வல்லாரை, பெத்தாய் (வாடை வீசும் ஒரு வகை அவரை விதை), புங்கா கந்தான் (இஞ்சி இனத்துப் பூமொட்டு), பச்சையாகக் கடித்துத் தின்னும் ஊலாம் இலைகள் வேண்டுமென்றால் கேலாங் சராய் சந்தை. பெட்டிக் கணக்கில் வாங்க, 1983-இலிருந்து இயங்கும் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையம். அங்கே வியாபாரம் நள்ளிரவுக்குப் பின்னே சூடுபிடிக்கும், விடிந்த பிறகு தனி ஆட்களுக்கும் விற்பார்கள். நான்கு குடும்பமாகச் சேர்ந்து ஒரு பெட்டி தக்காளி, ஒரு மூட்டை வெங்காயம் எடுத்துப் பிரித்துக்கொண்டால் லாபம். ஒரு குடும்பத்துக்கு 10 கிலோ தக்காளி எடுத்தால் கடைசி 3 கிலோ அழுகித்தான் போகும். இந்த ஊர் வெக்கை அப்படி.

விவசாயி நேரே விற்கும் இடம் என்றால் கிராஞ்சி, லிம் சூ காங், சுங்கை தெங்கா பக்கம். 2005-இல் அமைந்த கிராஞ்சி கிராமப்புறச் சங்கம், உழவர் சந்தை நாட்களை நடத்திவந்திருக்கிறது; அது வாரச் சந்தை அல்ல, அறிவிக்கும் நாளில் மட்டும்தான். பண்ணைகளின் குத்தகை முடிவதும் இடம் மாறுவதும் இங்கே சகஜம், அதனால் புறப்படும் முன் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். உள்ளூரில் விளைவது முக்கியமாகக் கீரைவகை, முளைப்பயறு, காளான், முட்டை, மீன். சாய் சிம் (சீனக் கீரை), பாயாம் (தண்டுக்கீரை), காங்கோங் (வள்ளல்கீரை) இந்த மூன்றையும் உள்ளூர்ச் சரக்காகவே வாங்குங்கள். காங்கோங் விதைத்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் அறுவடை. இங்கேயே அறுத்தது என்றால் அன்றோ மறுநாளோ கடைக்கு வந்துவிடும். தொலைவிலிருந்து வந்த கீரை மூன்றாம் நாளே மஞ்சளாகத் தொடங்கும்போது, இது குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். பேரங்காடியில் வாங்கினால் உறையில் உள்ளூர் விளைச்சலுக்கான ‘எஸ்ஜி ஃப்ரெஷ் புரொடியூஸ்’ சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொகை கொடுக்கும் முன் ஒரு சங்கதி. ஈரச்சந்தையில் சில மூத்த கடைக்காரர்கள் இன்னமும் கட்டிக் கணக்கில் விலை சொல்வார்கள். ஒரு கட்டி ஏறக்குறைய 600 கிராம். “கட்டி மூணு வெள்ளி” என்றால் கிலோ ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பேரங்காடி விலை 100 கிராமுக்கோ பொட்டலத்துக்கோ இருக்கும். மூன்றையும் கிலோவுக்கு மாற்றிப் பார்க்காமல் எது மலிவு என்று சொல்ல முடியாது. சமூக மேம்பாட்டு மன்றத்தின் சிடிசி பற்றுச்சீட்டு இருந்தால், திட்டத்தில் சேர்ந்த சந்தைக் கடைகளிலும் அதைக் கொடுக்கலாம்; கடை முகப்பில் ஒட்டியிருப்பார்கள்.

டுரியான்

இந்த ஊரில் பருவம் என்றால் முதலில் டுரியான். பெரிய பருவம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பினாங்குக் காய் மே மாதக் கடைசியிலேயே தலைகாட்டும், பிறகு ஜொகூரும் பகாங்கும் சேர்ந்துகொள்ளும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை ஒரு சிறிய பருவம். எந்த ஆண்டு காய் கொழிக்கும் என்பதை மலேசியாவின் வெயில் தீர்மானிக்கிறது. சில வாரம் மழையில்லாமல் காய்ந்தால்தான் மரம் பூக்கும். பூத்து மூன்று, மூன்றரை மாதத்தில் பழம் விழும். பிப்ரவரி, மார்ச்சில் நன்றாகக் காய்ந்தால் ஜூனில் கடைகள் நிறையும். பூ வைத்திருக்கும்போது பெருமழை பிடித்தால் பூ உதிர்ந்துவிடும், அந்த ஆண்டு விலை ஏறும். பழம் விழும் வாரத்தில் மழை கொட்டினால் எண்ணிக்கை குறையாது, ஆனால் சதை நீர்த்து, ருசி மங்கிவிடும். ஆகவே வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் “தோட்டத்துப் பக்கம் மழையா?” என்று கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் உண்மையைச் சொல்வார். மழை என்றால் நான்கு நாள் பொறுத்துப் போவது நல்லது.

மலேசியப் பழம் முற்றிப் பழுத்துத் தானாக விழுவது. இரவில் விழுவதை வலையிலும் தரையிலும் எடுத்து லாரியில் ஏற்றுவார்கள். விழுந்த ஒன்றிரண்டு நாளுக்குள் சாப்பிட வேண்டும். தாய்லாந்து மொந்தோங் அப்படியல்ல, முற்றிய காயை மரத்திலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். அதனால் தூரப் பயணம் தாங்கும், மணம் மெல்லியது, இனிப்பு தூக்கலாக இருக்கும். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதில்லை. டுரியான் மணம் பழகாத வீட்டுக்கு மொந்தோங்கில் தொடங்குவது சரி.

பெயர்களில் மயங்க வேண்டாம். மாவ் ஷான் வாங் என்றும் மூசாங் கிங் என்றும் சொல்வது ஒரே பழம். மலேசியப் பதிவேட்டில் டி197, பகாங்கின் ராவ்ப் வட்டாரம் அதற்குப் பேர்போனது. காயின் அடிப்பாகத்தைப் பாருங்கள்: பழுப்பு நிறத்தில் ஐந்து கோடு கூடிய நட்சத்திரம் முள்ளில்லாமல் தெரிந்தால் மாவ் ஷான் வாங். உள்ளே சதை அடர் மஞ்சள், கொட்டை சப்பையாகச் சிறுத்திருக்கும், நாக்கில் இனிப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு வரும். டி24 அதைவிடப் பழைய ரகம், 1937-இல் பதிவானது. மாவ் ஷான் வாங் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும் வாரங்கள் உண்டு, அப்போது நான் டி24-ஐத்தான் பரிந்துரைப்பேன். பெயரில்லாத கம்பத்து (கிராமத்து) டுரியான்களையும் விட்டுவிடாதீர்கள். பத்தில் இரண்டு சொதப்பும், ஆனால் மீதியில் ஒன்று வாழ்நாளுக்கும் நினைவிருக்கும்.

தேர்ந்தெடுப்பது இப்படி. காம்பைப் பாருங்கள்: நகத்தால் கீறினால் பச்சையும் ஈரமும் தெரிய வேண்டும். காம்பு வற்றிக் கறுத்திருந்தால் விழுந்து நாளாகிவிட்டது. சுளைப் பிரிவு ஓடும் கோட்டருகே முகர்ந்தால் மணம் வர வேண்டும். மணமே இல்லையென்றால் இன்னும் ஆகவில்லை, புளித்த வாடை அடித்தால் தாண்டிவிட்டது. காதருகே வைத்து மெல்ல ஆட்டுங்கள். சுளை ஓட்டிலிருந்து விடுபட்டு லேசாக அசைவது கையில் தெரியும். கலகலவென்று ஆடினால் உள்ளே வற்றியிருக்கிறது, அசைவே இல்லையென்றால் பழுக்கவில்லை. ஓட்டில் சிறு துளையும் அதைச் சுற்றி மரத்தூள் போன்ற பொடியும் இருந்தால் புழு.

பிறகு கடைக்காரர் ஓட்டில் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டித் திறந்து காட்டுவார். விரல் நுனியால் சதையைத் தொடுங்கள்: மேல்தோல் காய்ந்தாற்போலும், அழுத்தினால் வெண்ணெய் போலும் இருக்க வேண்டும். ஈரம் ஒட்டினால் மழைக்காய். அந்த இடத்திலேயே மாற்றிக் கேட்பதுதான் முறை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துவிட்டுத் திரும்பி வந்தால் யாரும் மாற்ற மாட்டார்கள்.

நிறைய பேர் தவறு செய்வது எடையில்தான். விலை ஓட்டோடு சேர்த்து. சதை, மொத்த எடையில் நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றுக்குள் அடங்கும். கிலோ 15 வெள்ளி என்று 2 கிலோ காய் வாங்கினால் 30 வெள்ளி. உள்ளே 600 கிராம் சதை இருந்தால் அது கிலோ 50 வெள்ளி. பக்கத்தில் 400 கிராம் பெட்டி 22 வெள்ளிக்கு வைத்திருந்தால் அது கிலோ 55 வெள்ளி. வித்தியாசம் நினைத்த அளவு இல்லை, குப்பையும் மிச்சம். ஆனால் பெட்டியில் அடைத்தது எப்போது பிளந்தது என்று கேட்டு, அன்றைக்கே உரித்ததாக இருந்தால் மட்டும் எடுங்கள். முழுக் காய் என்றால், விலையைப் பேசி, நிறுத்து, தராசின் எண்ணை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே திறக்கச் சொல்லுங்கள்.

எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் டுரியான் கொண்டுபோகக் கூடாது. டாக்சியிலும் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவதே உத்தமம். மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம், உறையவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

டுரியான் வரும் அதே வாரங்களில் மங்குஸ்தான், ரம்புத்தான், டுக்கு, செம்படாக் எல்லாம் கூடவே வந்துவிடும். மங்குஸ்தானின் அடியில் பூப்போல இருக்கும் இதழ்களை எண்ணுங்கள். உள்ளே அத்தனை சுளை. இதழ் கூடினால் சுளை சிறிது, கொட்டையில்லாத சுளைகளும் கூடுதல். ஓட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சம் கொடுக்க வேண்டும். கல்லாக இருந்தால் பழையது, திறக்கவே வராது. மேலே மஞ்சள் பிசின் வழிந்து காய்ந்திருந்தால் உள்ளேயும் பிசின் இறங்கிக் கசக்கும் வாய்ப்பு உண்டு. சட்டையில் பட்டால் அந்தக் கறை போகாது. ரம்புத்தானின் மயிர் இரண்டு மூன்று நாளில் கறுக்கும். கறுத்தாலும் உள்ளே ஒரு நாள் தாங்கும், அதனால் பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்கி அன்றே தீர்த்துவிடுங்கள். கொட்டையிலிருந்து சதை சுத்தமாகப் பிரிவது வேண்டுமென்றால் ‘அனாக் செகோலா’ என்று கேளுங்கள். டுக்குவின் உறவான லங்சாட்டின் தோலில் பால் பிசுபிசுக்கும், இன்னோர் உறவான டொக்கோங்கில் அவ்வளவு இருக்காது. இரண்டிலும் கொட்டையைக் கடித்துவிடாதீர்கள், கசப்பு நாக்கில் நிற்கும்.

செம்படாக் நம் பலாவின் தம்பி, மணம் அண்ணனைவிடப் பலம். அறுக்கும்முன் கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிசினைக் கழுவவே அரைமணி ஆகும். கொட்டையை எறிய வேண்டாம். உப்புப் போட்டு 25, 30 நிமிடம் வேகவைத்தால் பலாக்கொட்டைக்கு மாற்றாகச் சாம்பாரிலும் பொரியலிலும் சேரும்.

மாம்பழம்

தேக்காவுக்கு ஏப்ரல் பாதியிலிருந்து வாராவாரம் போகக் காரணம் மாம்பழம். முதலில் அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும். மே மாதத்தில் இமாம்பசந்து. மே கடைசியிலிருந்து மல்கோவா. ஜூன் பிறந்தால் பாகிஸ்தானின் சிந்திரி, அது முடியும்போது சௌன்சா, ஆகஸ்டு தாண்டியும் வரும். எல்லையைத் தாண்டினால் மலேசியாவின் பெர்லிஸ் மாநிலத்து ஹருமானிஸ், ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும். தாய்லாந்து நாம் டொக் மாய் ஆண்டின் பெரும்பகுதி கிடைத்தாலும் மார்ச் முதல் மே வரை வருவதற்குத்தான் முழு ருசி.

நிறத்தைப் பார்த்து மாம்பழம் வாங்குவதுதான் எல்லாத் தவறுக்கும் மூலம். இமாம்பசந்து பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். பச்சையாயிருக்கிறதே என்று காத்திருந்தால் உள்ளே அழுகிவிடும். மறுபக்கம், பழுக்கவைக்கும் மருந்தில் ஒரே சீராக மஞ்சளான பங்கனப்பள்ளி உள்ளே வெளிறிப் புளிக்கும். காம்படியில் முகர்ந்து பாருங்கள், அதுதான் பொய் சொல்லாத இடம். காம்பைச் சுற்றித் தோள் உயர்ந்து, காம்பு சற்றுப் பள்ளத்தில் இருந்தால் முற்றிப் பறித்த காய். அது பழுத்தால் இனிக்கும். தோள் ஒட்டிச் சரிந்திருந்தால் பிஞ்சில் பறித்தது, பழுத்தாலும் வெம்பல்தான்.

அல்போன்சா டஜன் பெட்டியாக வரும், பெரும்பாலும் அரைக்காயாக. வீட்டுக்கு வந்ததும் பெட்டியை அப்படியே மூடி வைக்காதீர்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஒன்று அழுகினால் இரண்டு நாளில் நான்கு போகும். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, காம்பு கீழே பார்க்க, செய்தித்தாள் விரித்த அட்டைப்பெட்டியில் ஒரே அடுக்காக வையுங்கள். மேலே இன்னொரு தாள். அடுப்பிலிருந்தும் வெயிலிலிருந்தும் தள்ளியிருக்கட்டும். தினம் காலையில் தொட்டுப் பாருங்கள். காம்படி மணத்து, விரலுக்கு லேசாக இடம் கொடுத்து, தோலில் சிறு சுருக்கம் விழுந்தால் அந்தப் பழத்தை மட்டும் எடுத்துக் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். பொதுவாக 3 முதல் 5 நாள். காயாக இருக்கும்போதே குளிர்பெட்டியில் வைத்தால் கெட்டது: ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே போனால் பழுக்கும் வேலை நின்று, தோல் சாம்பல் பூத்து, வெளியே எடுத்து எத்தனை நாள் வைத்தாலும் ருசி வராது. சாப்பிடும்முன் அரைமணி தண்ணீரில் போடும் வழக்கத்தை விட வேண்டாம். காம்புப்பால் கழுவிப்போகும், உதட்டில் அரிக்காது.

பெட்டியில் ஒன்றிரண்டு பழத்தை அறுத்தால் நடுவில் வெள்ளையாகப் பஞ்சுபோல இருக்கலாம். அது அல்போன்சாவுக்கே உள்ள குறை, மரத்தில் இருக்கும்போதே வெப்பத்தால் வருவது. வெளியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. பாதிப் பெட்டி அப்படியிருந்தால் மட்டும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

காய்கறிக்கு வருவோம்

முட்டைக்கோஸ், தக்காளி, பீன்ஸ், சாலட் இலை என்று குளிர்ப்பகுதிக் காய்களில் பெரும்பங்கு மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து வருகிறது. அங்கே கடுமையான கோடை கிடையாது, ஆனால் மழை உண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதை சரிவதும் வெள்ளம் வருவதும் நடந்தால் மூன்றாம் நாள் இங்கே விலை ஏறும். அதே நேரத்தில் சீனப் புத்தாண்டு நெருங்கினால் இன்னும் ஏறும். அந்த வாரங்களில் பீர்க்கு, பூசணி, வாழைக்காய், கிழங்கு என்று சமையலைத் திருப்பிக்கொள்வது புத்திசாலித்தனம்.

தமிழ்நாட்டுக் காய்கள் ஊர்ப் பருவத்தை அப்படியே பின்பற்றும். கார்த்திகை, மார்கழியில் அங்கே மழையில் முருங்கைப்பூ கொட்டிவிடும். இங்கே முருங்கைக்காய் ஒல்லியாகவும் விலை அதிகமாகவும் இருக்கும். மாசி, பங்குனி பிறந்தால் கொழுத்த காய் மலிவாக வரும். முருங்கையை வாங்கும்போது இரு கைகளாலும் முறுக்குங்கள்: வளைந்து கொடுத்தால் இளசு, விறைத்து நின்றால் நார். விதை புடைத்து வெளியே தெரிந்தால் முற்றல். தை மாதத்தில் பச்சை மொச்சை வரும். தேக்காவில் கரும்பும் மஞ்சள் கொத்தும் குவியும் பொங்கல் வாரத்தில் பாருங்கள். வருஷத்தில் அந்தச் சில வாரம்தான், கத்திரிக்காயோடு குழம்பு வைக்கும் ஆசை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சித்திரைப் பிறப்புக்கு முன்னால் வேப்பம்பூவும் பச்சை மாங்காயும் வந்துவிடும்.

வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பதைக் கடைக்காரர்கள் விரும்புவதில்லை, அது நியாயமும்கூட. ஒடித்த காயை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். நடுவிரல் நீளத்துக்குள் இருப்பதைப் பொறுக்குங்கள், போதும். எங்கே எடுத்துப் பார்க்கலாம் என்று தெரியாவிட்டால் “அக்கா, நான் பொறுக்கிக்கலாமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டவர்களுக்கு உள்ளேயிருந்து புதுச் சரக்கை எடுத்துத் தருவதும் உண்டு.

வெங்காயத்துக்கு வானிலையோடு அரசாணையும் பருவம். 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியபோது, அடுத்த மே மாதத் தளர்வு வரை விலை அடங்கவில்லை. தடைச் செய்தி வந்தால் பதறி 10 கிலோ வாங்காதீர்கள். இந்த ஊர் ஈரக்காற்றில் மூன்றாம் வாரம் முளைவிடும், நான்காம் வாரம் கறுப்புப் பூஞ்சை. வேறு நாட்டுப் பெரிய வெங்காயம் சாம்பாருக்குப் போதும். சின்ன வெங்காயம்தான் திண்டாடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

சந்தையில் நன்றாக வாங்கிவிட்டு வீட்டில் கெடுப்பவர்கள் அதிகம். இங்கே பகல் வெப்பம் 31, 32 டிகிரி, காற்றில் ஈரம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி. கீரையைச் சந்தையில் கடைசியாக வாங்குங்கள். குளிர்காப்புப் பை இருந்தால் கொண்டுபோங்கள், பையின் அடியில் கிழங்கு, மேலே கீரை. வீட்டுக்கு வந்ததும் கழுவாதீர்கள். ரப்பர் பட்டையைக் கழற்றி, மஞ்சள் இலையைக் கிள்ளிப்போட்டு, தாளில் சுருட்டி, வாய் திறந்த பையில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். தாள் நனைந்தால் மாற்ற வேண்டும். அந்த ஈரம்தான் கீரையை அழுகவைப்பது. சமைக்கும் அன்று மட்டும் 15 நிமிடம் நீரில் ஊறவிட்டு, இரண்டு முறை அலசுங்கள்.

கறிவேப்பிலையை உருவி, துளியும் ஈரமில்லாமல் தாள் விரித்த டப்பாவில் அடைத்தால் இரண்டு வாரம். கொத்தமல்லியைத் தண்டு தண்ணீரில் நிற்க, இலைமேல் பையைக் கவிழ்த்து வைக்கலாம். கத்திரி, வெண்டை, வெள்ளரி மூன்றும் கடுங்குளிர் ஆகாதவை. அவற்றைப் பின்சுவரை ஒட்டி வைத்தால் குழிவிழுந்து பழுப்பாகும், கதவுப் பக்கமாக வைத்து நான்கு நாளில் முடித்துவிடுங்கள். தக்காளியும் வாழைப்பழமும் வெளியேதான். பழுக்கும் மாம்பழம், வாழைப்பழம் இவற்றின் பக்கத்தில் கீரையை வைத்தால், பழம் விடும் எத்திலீன் வாயுவில் ஒரே நாளில் இலை மஞ்சளாகும். உருளையும் வெங்காயமும் ஒரே கூடையில் வேண்டாம், ஒன்று மற்றதைக் கெடுக்கும். வெங்காயத்தை வலைப்பையில், காற்றாடும் ஜன்னலோரம் தொங்கவிடுங்கள்.

மாம்பழம் ஒரே நேரத்தில் பழுத்துவிட்டால் சதையை வழித்து, 200, 200 கிராமாகப் பையில் தட்டையாகப் பரப்பி உறையவையுங்கள். தட்டையாக இருந்தால் வேண்டிய அளவு உடைத்து எடுக்கலாம். கொட்டையில் ஒட்டிய சதையை எறியாமல், வெல்லமும் மிளகாயும் போட்டுக் கொட்டையோடு கொதிக்கவிட்டு, அரைத்த தேங்காயும் தயிரும் சேர்த்தால் அன்றைய சோற்றுக்கு மாம்பழப் புளிசேரி.